கொடிக்கால் அழிந்த வருடத்துக் கிறிஸ்துமஸ்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன வாரம் தூத்துக்குடியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி, வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம் அவனுக்கு, டீக்கடையில் வைத்துக் கேட்டான்: "அண்ணே, கோயிலுக்குப் போனா மனசுக்கு ஏதாவது நடக்குமா? நிஜமாச் சொல்லுங்க." சர்ச்சைத்தான் எங்கள் பக்கம் கோயில் என்போம். டீ ஆறிப்போகும் வரைக்கும் என்னால் ஒழுங்காக ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி ஜில்லாவில் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் இடையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. கடலில் போய்ச் சேருவதற்கு முன்னால் ஆறு கடைசியாகத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிற பூமி. வாழையும் வெற்றிலையும்தான் பிழைப்பு. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து எடுத்து, தன்னுடைய வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு பட்டம் வாங்கின மாதிரி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். முதலில் அகத்தியை விதைத்து அது ஆள் உயரம் வரும் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் அதன் காலடியில் கொடியை நட்டு, ஏற ஏறக் கட்டிவிட்டுக்கொண்டே வர வேண்டும், தண்ணீர் குறைந்தாலும் வாடும், நின்றாலும் அழுகும். காலையில் பனி காய்வதற்கு முன்னால் அப்பா கொடிக்காலுக்குள் நுழைந்துவிடுவார். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே பச்சை நிழல், குளிர்ச்சி, வெற்றிலை வாசம். சின்ன வயதில் எனக்குக் கோயிலும் கொடிக்காலும் ஒரே மாதிரித்தான் தோன்றும். இரண்டிலும் அப்பா சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே குடை பிடித்துக்கொண்டுதான் போனோம். அன்று ராத்திரி வாலிபர் சங்கம் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் இருந்தது, மழை விடாததால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாளைக்கு வரவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிற்பாடு தெரிந்தபோது, ஒரு வருடத்தில் எங்கள் பக்கம் பெய்கிற மழையை விட அதிகம் அது என்று பெரியவர்கள் வாயில் கை வைத்தார்கள். மழை ஒரு பக்கம், மேலே அணைகளிலிருந்து திறந்த தண்ணீர் ஒரு பக்கம், உடைந்த குளங்கள் ஒரு பக்கம். நடுராத்திரி தாண்டி எங்கள் கோயில் மணி அடித்தது. நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் ஊருக்கே தெரியும், ஏதோ ஆபத்து. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கயிற்றை இழுத்திருக்கிறார். அந்த மணிதான் கீழத்தெருவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது.

கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்து மாடியில் மூன்று நாள் இருந்தோம். எங்கள் சபையார், அம்மன் கோயில் தெருவார், வெளியூரிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட இரண்டு லாரி டிரைவர்கள், எல்லோரும் ஒரே மாடியில். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சோறு பொங்குகிற அண்டா தண்ணீரில் மிதந்து போய்க் கொண்டிருந்ததை இரண்டு பையன்கள் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள், மாடியிலிருந்த உடைந்த பெஞ்சுகளை விறகாக்கி அதில்தான் கஞ்சி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் 800 பேரோடு சிக்கி நின்றதும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நாலு நாளில் இந்த ஜில்லாவில் யாரும் யாரையும் நீ எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் அப்பாவும் கொடிக்காலைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் வாழை படுத்துக் கிடந்தது, பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள் சேற்றுக்குள் முகம் புதைத்துக் கிடந்தன. கொடிக்கால் இருந்த இடத்தில் அகத்தி பாதி சாய்ந்து நின்றது. கொடிகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன, அதுதான் கொடுமை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். அப்பா குனிந்து ஒரு கொடியைப் பிடித்து லேசாக இழுத்தார், வேரோடு கையில் வந்துவிட்டது. வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. மோந்து பார்த்தார். அப்புறம் அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எல்லாம் போச்சுய்யா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். அம்மா அழுது பார்த்தாள், கோபப்பட்டுப் பார்த்தாள். ஐயர், சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம், வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார்.

என் நிலைமையும் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஜெபம் நின்றுவிட்டது. கண்ணை மூடினால் சேறுதான் தெரிந்தது. அம்மாவின் நகை அடகில் இருந்தது, அந்தக் கடன் வாழைத்தாரை நம்பி வாங்கினது. "கர்த்தர் எல்லாத்தையும் நன்மைக்கு ஏதுவா நடத்துவார்" என்று போனில் சொன்ன சொந்தக்காரர் ஒருவரிடம் நான் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது வேதத்தில் இருக்கிற வார்த்தைதான், நானும் விசுவாசிக்கிற வார்த்தைதான். ஆனால் காலில் சேறு காயாதவனிடம் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடாது என்பது இன்றைக்கும் என்னுடைய அபிப்பிராயம்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கோயிலைக் கழுவினோம். உள்ளே கணுக்கால் அளவுக்கு வண்டல். பெஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி மூலையில் போய் ஒதுங்கியிருந்தன, கீபோர்டு செத்துப்போயிருந்தது, பிரசங்க பீடத்தின் மேல் இருந்த பெரிய வேதாகமம் ஊறி இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டிருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துத் தள்ளினார்கள். தன் வீட்டையே இன்னும் கழுவி முடிக்காதவர்கள் அவர்கள். பாமாலைப் பாட்டுப் புத்தகங்களைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வரிசையாக விரித்துக் காய வைத்தோம், ஒவ்வொரு தாளையும் ஒரு ஈர்க்குச்சியால் மெதுவாகப் பிரித்துவிட வேண்டும், அவசரப்பட்டால் கிழிந்துவிடும். அந்த வேலையை அப்பா செய்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகவே வந்து சுவரோரம் உட்கார்ந்து, ரெண்டு நாளும் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வெற்றிலை கிள்ளிப் பழகிய விரல்கள், ஒரு தாளும் கிழியவில்லை.

டிசம்பர் 24 ஞாயிறு ஆராதனை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கரண்ட் இன்னும் வரவில்லை, அதனால் மைக் இல்லை. ஐயர் வேதாகமத்திலிருந்து சங்கீதம் 69 என்றார். எங்கள் சபையில் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிப்பது வழக்கம், ஒரு வசனம் ஐயர், அடுத்த வசனம் சபையார். ஐயர் ஆரம்பித்தார்: "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது." சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட வசனம், அதில் வெள்ளம் என்ற வார்த்தை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது. எங்கள் முறை வந்தது. பக்கத்தில் அப்பா வேதாகமத்தைத் திறந்தார். பரண் மேல் இருந்ததால் தப்பித்த வேதாகமம். உள்ளே அந்தப் பேப்பர்த் துண்டு, ஆத்தூர் வெற்றிலைச் செய்தி, சங்கீதங்களுக்கு நடுவில்தான் இருந்தது. அதை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குள் வைத்துவிட்டு, சபையாரோடு சேர்ந்து வாசித்தார்: "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை."

நாலு நாளைக்குப் பிறகு அப்பாவின் குரல் அது. கரகரவென்று, நடுவில் உடைந்து. உளை என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோர் கால் நகத்துக்குள்ளும் அந்தச் சேறு இருந்தது. "நான் கூப்பிடுகிறதினால் இளைத்தேன்; என் தொண்டை வறண்டுபோயிற்று" என்று ஐயர் வாசித்தபோது அவரே நிறுத்தி மூச்சு வாங்கினார். "சேற்றினின்று என்னைத் தூக்கிவிடும்" என்ற வசனம் சபையார் பக்கம் வந்தது. அதை நாங்கள் வாசிக்கவில்லை, கத்தினோம். பக்கத்து பெஞ்சில் வயதான ஒரு தாத்தா எழுத்துத் தெரியாதவர், எப்போதும் வாயை அசைத்துக்கொண்டு நிற்பார். அன்றைக்கு அவரும் அந்த ஒரு வரியை எங்களுக்குப் பின்னால் தனியாக இன்னொரு தடவை சொன்னார்.

நான் அன்றைக்குப் புரிந்துகொண்டது இதுதான். என்னால் ஜெபிக்க முடியவில்லை, அப்பாவால் பேசவே முடியவில்லை, ஆனால் எங்களுக்காக வேறு யாரோ எப்போதோ வார்த்தையை எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் எழுந்து நின்று எங்கள் முறை வரும்போது வாயைத் திறப்பது மட்டும். 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும்தான் அதிகம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆண்டவரையே நேராகக் கேட்கிற சங்கீதம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரைக்கும் விடிவதே இல்லை, அப்படியே முடிந்துவிடுகிறது. இவையெல்லாம் ஆராதனையில் வாசிப்பதற்கென்றே வேதத்துக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. கஷ்டத்தை வீட்டில் வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று ஆண்டவர் சொல்லவில்லை. இன்றைக்கு நிறையக் கூட்டங்களில் துதி, ஜெயம், ஆசீர்வாதம் இவற்றை மட்டும்தான் பாடுகிறார்கள், நானும் போய்க் கைதட்டிப் பாடியிருக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் புலம்பலுக்கு இடமே இல்லாத ஆராதனையில் அன்றைக்கு எங்கள் அப்பா எங்கே நின்றிருப்பார்?

மறுநாள் கிறிஸ்துமஸ். வழக்கம்போல விடியற்காலை நாலு மணி ஆராதனை. ஊரில் பாதி வீடுகளில் புதுத்துணி இல்லை, இருந்ததும் சேற்றில் போயிற்று, நிவாரணமாக வந்த சேலையையும் பெட்ஷீட்டையும் போர்த்திக்கொண்டு வந்தவர்கள் உண்டு. மெழுகுவர்த்தியும் நாலைந்து எமர்ஜென்சி லைட்டும் மட்டும். காகித நட்சத்திரம் ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது, அதற்குள் போடப் பல்புக்குக் கரண்ட் இல்லாததால் சும்மா தொங்கியது. கீபோர்டு இல்லை, பாட்டைத் தொடங்க ஆள் வேண்டும். பாடகர் குழுவில் யாரும் முன்வரவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, வெள்ளத்தில் அவர்கள் வீட்டுச் சுவரே விழுந்துவிட்டது, சுருதியைச் சரியாகப் பிடித்துத் தொடங்கினார்கள். வயதான குரல், ஆனால் ராகம் ஒரு இடத்தில் கூட விலகவில்லை. ரெண்டாவது வரியில் பெண்கள் சேர்ந்தார்கள், மூன்றாவது வரியில் ஆண்கள்.

நான் பாடவில்லை. பாட வரவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போஸ்தலர் புத்தகத்தில் பவுலும் சீலாவும் பிலிப்பி ஊர்ச் சிறையில் நடுராத்திரியில் பாடுகிற இடம் எல்லோருக்கும் தெரியும், பூமி அதிர்ந்து கதவு திறந்ததைத்தான் பிரசங்கிமார் சொல்வார்கள். அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது, காவலில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. கதவு திறப்பதற்கு முன்னால், இருட்டுக்குள், காலில் விலங்கோடு உட்கார்ந்து அடுத்தவன் பாடுவதைக் கேட்டவர்கள். அன்றைக்கு நான் அவர்களில் ஒருவன். என்னால் முடியாததை எனக்காக ஊர் பாடியது. சுவர் விழுந்த வீட்டுக்காரி பாடினாள் என்றால், அந்தப் பாட்டு பொய்யாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

2020 நினைவு வந்தது. அந்த வருடம் ஏப்ரல் 12 ஈஸ்டர். ஊரடங்கு என்பதால் கோயில் பூட்டியிருந்தது, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும் யூடியூபில் ஆராதனை பார்த்தோம். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது, பாட்டும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று இல்லை, என்ன என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. பின்னால் நிற்கிறவர் தப்பான ராகத்தில் பாடுவது, குழந்தை அழுவது, நமக்கு முன்னால் நிற்கிறவர் முதுகு குலுங்குவதைப் பார்த்து அவர் அழுகிறார் என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம்தான் இல்லை. நம்பிக்கை எனக்கு எப்போதும் பிறத்தியார் குரல் வழியாகத்தான் வந்திருக்கிறது. தனியாக இருக்கும்போது அது என்னிடம் நிற்பதில்லை.

இந்த நம்பிக்கை என்ற வார்த்தையையும் நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் நம்பிக்கை என்றால், கார் மழை பெய்யும் என்று நம்பிக்கை, தாருக்கு விலை வரும் என்று நம்பிக்கை, இப்படி ஏதோ ஒன்று கைக்கு வரும் என்ற கணக்கு. அந்த டிசம்பரில் எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை. அரசாங்கம் கொடுத்த 6000 ரூபாய் நிவாரணம் வந்தது, அதற்கு நன்றி, அது வீட்டைத் துடைக்கவும் பாத்திரம் வாங்கவும் சரியாகிவிட்டது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஐயர் ஆபகூக் புத்தகத்திலிருந்து வாசித்தார், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று. அப்பா மெதுவாக என் பக்கம் குனிந்து, "அந்த வரிசையில கொடிக்காலையும் சேர்த்துக்கணும்" என்றார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது, அதே மணி, அதே கோயில்குட்டியார். எல்லோரும் எழுந்து ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்தோம். மாடியில் எங்களோடு கஞ்சி குடித்த அம்மன் கோயில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்று கை கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகள் பலவும் கஷ்டத்துக்குள் பிறந்தவைதான். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானதே விசுவாசத்தினால் ஊரில் நெருக்கடிக்கு ஆளானவர்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்றுதான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். இப்போது அந்தப் பக்கம் பைக்கில் போகும்போதெல்லாம், முதல் ஞாயிற்றுக்கிழமை பனங்காட்டு மணலில் அவர்கள் எப்படி நின்றிருப்பார்கள், யார் பாட்டைத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொல்வது. கோயிலுக்குப் போனால் கடன் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன், எங்களுக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. மனசு உடனே லேசாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன், எனக்குப் பாட்டு திரும்பி வரவே பிப்ரவரி ஆகிவிட்டது, அதுவும் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, எந்த விசேஷமும் இல்லாத நாளில், பாதிப் பாட்டில்தான் நான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். வா, வந்து என் பக்கத்தில் நில்லு என்று மட்டும்தான் அவனிடம் சொல்ல முடியும். பாட வராவிட்டால் பரவாயில்லை, நாங்கள் பாடுகிறோம்.

அப்பா 2024 வெயில் காலத்தில் மறுபடியும் அகத்தி விதைத்தார். முன்னே இருந்ததில் கால்வாசி இடத்தில்தான். கொடி நட்டதில் ஒரு வரிசை பிடிக்கவில்லை, அதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் நட்டார். 2025-இல் எங்கள் சபை ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வழக்கம்போல ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவந்து படைத்தார்கள், தேங்காய், முருங்கைக்காய், கோழி, ஒருவர் கன்றுக்குட்டி. அப்பா ஒரு கட்டு வெற்றிலை கொண்டுபோனார். முன்னெல்லாம் ஒரு கூடை நிறைய வைப்பார். ஈரத்துணியில் சுற்றி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போய் ஆல்டர் முன்னால் வைத்துவிட்டு வந்தார். ஆராதனை முடிந்து ஏலம் போட்டபோது அந்த வெற்றிலைக் கட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே போய் எடுத்தது, அன்றைக்கு இருட்டில் பாட்டைத் தொடங்கிய அந்தப் பாட்டிதான். வெற்றிலை போடுகிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. கட்டைப் பிரித்து, வாசலில் நின்ற எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. இளந்தளிர், நரம்பு கூட இன்னும் முற்றவில்லை.